விவரம் போதாது

அண்ணாச்சி, அந்த நீளப் பைய மட்டும் மிதிச்சிராதீங்க. கால இந்தப் பக்கம் நீட்டிக்கிடுங்க, எனக்கு ஒரு சிரமமும் இல்ல. உள்ள எட்டு பூப்பந்து பேட் இருக்கு. இன்னைக்குத்தான் டவுன்ல புது நரம்பு கட்டி வாங்கிட்டு வாரேன். காலையில ஒம்போது மணிக்குப் போனவன், கட்டுதவன் முன்னாலயே ஸ்டூலப் போட்டு உக்காந்து, இழு, இன்னும் இழுன்னு சொல்லிச் சொல்லிக் கட்ட வெச்சேன். ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி! வீட்டுல கறி எடுத்து வெச்சிருந்தாங்க. எல்லாம் ஆறிப் போயிருக்கும்.

ஏவாரமான்னு கேக்கீங்களா? ஏவாரம் இல்ல, வாத்தியார். இப்ப மூணு வாரமா பி.டி. சார்னு கூப்பிடுதாங்க. அதுக்கு முன்னால இருபத்திரண்டு வருசம் டிசிப்ளின் சார்னுதான் பேரு. எங்க ஊருல போயி நல்லசிவம்னு கேட்டா யாருக்கும் தெரியாது. டிசிப்ளின் சார் வீடுன்னு கேட்டா சின்னப்பிள்ள கூட்டிட்டு வந்து விட்டுட்டு, நாம கதவைத் தொறக்கதுக்குள்ள ஓடிரும். அப்படி இருந்தவன இந்தப் பைய தூக்க வெச்சது ஒரே ஒரு பிள்ள. பஸ்ஸு ஆலங்குளம் தாண்டித்தான் நான் இறங்கணும், சொல்லுதேன் கேளுங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்களுது உதவி பெறும் ஸ்கூலு. ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க. காலையில எட்டே முக்காலுக்கு நான் கேட்டுல நின்னேன்னா, ரோட்டுலயே சாக்ஸ இழுத்து விட்டுக்கிட்டு வருவாங்க. நகம், ரிப்பன், முடி, ஷூ, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. சாயங்காலம் கடைசிப் பிள்ள வெளிய போற வரைக்கும் இதே வேலைதான். இதுல விளையாட்டுக்கு எங்க நேரம்?

டைம்டேபிள்ல இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியடு. நான் இல்லேங்கல. ஆனா பெரிய வகுப்புப் பிள்ளைங்க பரீச்சைக்குப் படிக்கணுமா, பந்து பொறுக்கணுமா? கணக்கு சார் அருளானந்தம் ஸ்டாப் ரூம் வாசல்ல வந்து நின்னு, "சார், ரெண்டு பயிற்சி பாக்கி கிடக்கு"ம்பாரு. எடுத்துக்கிடுங்கம்பேன். பிசிக்ஸ் டீச்சர் வருவாங்க. எடுத்துக்கிடுங்க டீச்சர்ம்பேன். ஒரு நாள் மூஞ்சியச் சுளிச்சது கிடையாது. வேற ஸ்கூல் பி.டி. வாத்தியாருகிட்ட கேட்டுப் பாருங்க, பீரியடுக்குச் சண்டை போடுவான். என் பெருந்தன்மை எவனுக்கும் வராது. கிரவுண்டும் வீணாப் போகல, ஸ்கூல் வேன் நாலும் அங்கதான் நிக்கும்.

நான் அந்த ஸ்கூலுக்குச் செஞ்சதுலயே பெரிய காரியம் மன்னிப்புக் கடிதம். சிரிக்காதீங்க. எனக்கு முன்னால எப்படித் தெரியுமா? தப்பு பண்ணின பிள்ள ஒரு தாள்ல, "தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன்"னு ரெண்டு வரி எழுதி, கீழ அப்பா கையெழுத்த அதுவே போட்டுட்டுப் போயிரும். நான் வந்துதான் அத மூணு பகுதியாப் பிரிச்சேன். முதல் பகுதி, செய்தது என்ன. ரெண்டாம் பகுதி, அதனால் யாருக்கு நஷ்டம். மூணாம் பகுதி, இனி என்ன செய்வேன். தேதி, நேரம், பேரு, எண்ணிக்கை எல்லாம் இருக்கணும். இல்லேன்னா செவப்பு மையில "விவரம் போதாது"ன்னு எழுதித் திருப்பிக் குடுத்துருவேன். நாலு தடவை, அஞ்சு தடவை எழுதின பிள்ளைங்கல்லாம் உண்டு. கடைசியில திங்கக்கிழமை அசெம்பிளியில மைக்கு முன்னால நின்னு வாசிக்கணும்.

இதுல ஒண்ணு, நான் பாரபட்சம் பாக்கதே இல்ல. இந்த முறையக் கொண்டு வந்த அன்னைக்கே அசெம்பிளியில சொன்னேன்: "யாரா இருந்தாலும் இதே விதிதான். நாளைக்கு நானே தப்பு பண்ணினாலும் இந்த இடத்துல நின்னு வாசிப்பேன்." எப்படிக் கைதட்டினாங்கங்கீங்க! அத வருசா வருசம் ஜூன் மாசம் திருப்பிச் சொல்லுவேன். சொல்லுததுக்கு நல்லா இருக்கும்லா.

இந்த வருசம் பதினொண்ணாம் வகுப்பு பி செக்ஷன்ல ஒரு பிள்ள, ஆவுடைச்செல்வின்னு பேரு. அப்பா செல்லையா லோடு ஆட்டோ ஓட்டுதாரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சாக்ஸெல்லாம் ஒழுங்கா இழுத்து விட்டுத்தான் இருக்கும். அதனாலயே நான் கவனிக்காம விட்டுட்டேன். அக்டோபர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவ என்ன பண்ணியிருக்கா, டைம்டேபிள போட்டோ எடுத்து, பி.டி.ன்னு இருக்க ரெண்டு கட்டத்தையும் வட்டம் போட்டு, வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கா. கீழ ஒரு வரி: "ஜூன்ல இருந்து இதுல எத்தனை பீரியடு விளையாண்டோம்? சரியாச் சொல்றவங்களுக்கு ஒரு குச்சி ஐஸ்."

குச்சி ஐஸாம்! திங்கக்கிழமை காலையில அது எங்க ஸ்டாப் குரூப்புக்கே வந்துட்டு. அருளானந்தம் சார் முகம் கறுத்துப் போச்சு. ஹெச்.எம். அம்மா என்னையக் கூப்பிட்டு, "இது உங்க டிபார்ட்மெண்டு சார், பாத்துக்கிடுங்க"ன்னாங்க. ஸ்கூல் பேரு போகுதேன்னு எனக்கும் ஆத்திரந்தான்.

கூப்பிட்டுக் கேட்டா, அழுகணும்லா? அழல. "சார், நான் வெச்சது ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டு மாடியில, எங்க அப்பா போன்ல. ஸ்கூல்ல வெக்கலியே"ங்கா. நான் விடுவேனா? "யூனிபார்ம கழட்டினாலும் நீ எங்க பிள்ளதான். ஞாயித்துக்கிழமையும் எங்க பிள்ளதான்"னேன். நல்ல பதில்லா? எனக்கே பிடிச்சிருந்துச்சு. அதுக்கு அவ, "அப்ப ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தா நீங்க மாத்திரை வாங்கிட்டு வருவீங்களா சார்?"னு கேக்கா. கிண்டலாக் கேக்கல பாத்துக்கிடுங்க, சந்தேகம் கேக்க மாதிரியே கேக்கா. கடிதம் எழுதுன்னு ஒரு தாள எடுத்துக் குடுத்துட்டேன்.

அப்பாவையும் வரச் சொன்னோம். அவரு அந்த ஸ்டேட்டஸ ரெண்டு தடவை படிச்சாரு. "இதுல பொய்யா ஏதும் எழுதியிருக்காளா சார்?"னாரு. "பொய்யா நிஜமாங்கது பேச்சில்ல ஐயா, ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா"ன்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. அதிகம் படிக்காதவருன்னாலும் பண்பான மனுசன்.

சரி, முதல் கடிதம் வந்துச்சு. "பி.டி. பீரியடு நடக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்"னு ஒரே வரி. நான் விதிப்படி செவப்பு மையில எழுதினேன், விவரம் போதாதுன்னு. "எத்தனை பீரியடு? எந்தெந்தத் தேதி? சும்மா நடக்கலன்னு எழுதினா யாருக்கு என்ன புரியும்?"னு கேட்டேன். அவ என்னையவே பாத்தா. "எல்லாத்தையும் எழுதவா சார்?"னா. "எல்லாத்தையும் எழுது. அரைகுறையா எழுதினா எனக்குப் பிடிக்காது"ன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டு வந்தா பாருங்க, அப்படி ஒரு கடிதத்த என் சர்வீஸ்ல நான் பாத்தது இல்ல. கிளாஸ் லீடர் டைரியப் பாத்து எழுதியிருக்கா. மொத்தம் முப்பத்தொண்ணு பீரியடு. கணக்குக்குப் போனது பதினேழு, பிசிக்ஸ் ஒம்போது, கெமிஸ்ட்ரி நாலு. தேதி வாரியா, கட்டம் போட்டு. நான் கூட்டிப் பாத்தேன், முப்பதுதான் வருது. "இன்னொண்ணு எங்க? ஸ்கூல் நிர்வாகச் செயலர் வருகைக்கு முந்தின நாள் நானே உங்களக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்லா? அத விட்டுட்டியே, நியாயமா எழுத வேண்டாமா?"ன்னேன். உடனே திருத்தி எழுதினா: "ஒரு நாள் மைதானத்துக்குச் சென்றோம். காகிதம் பொறுக்கினோம்." கரெக்டுன்னு டிக் அடிச்சேன். சந்திப்பிழை ரெண்டு இருந்துச்சு, அதையும் தமிழம்மாகிட்டக் குடுத்துத் திருத்தினேன். கீழ "சரிபார்த்தேன்"னு போட்டு, முழுக் கையெழுத்தும் போட்டேன். ஒரு வேலையச் செஞ்சா உருப்படியாச் செய்யணும்லா அண்ணாச்சி?

மூணாம் பகுதியில என்ன எழுதியிருந்தாங்கீங்க? "இனி எத்தனை பீரியடு விளையாண்டீர்கள் என்று யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருப்பேன்." எம்புட்டு அடக்கம் பாருங்க. திருந்திட்டான்னு நினைச்சேன்.

அடுத்த திங்கக்கிழமை. எங்க ஸ்கூல் ஒலிபெருக்கி ரோட்டப் பாத்து இருக்கும். செயலருக்கு நம்ம பிரேயர ஊரே கேக்கணும்னு ஆசை. எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப்பு, டீக்கடை, பிள்ளைங்கள விட வந்த அப்பா அம்மா எல்லாரும் நிப்பாங்க. ஆவுடைச்செல்விக்குக் குரல் சன்னம். கேக்கலியேன்னு நான்தான் சத்தத்தக் கூட்டி வெச்சேன். அவ பாட்டுக்கு ஒவ்வொரு தேதியா வாசிக்கா. ஜூன் பதினொண்ணு, கணக்கு. ஜூன் பதிமூணு, கணக்கு. ஜூன் பதினெட்டு, பிசிக்ஸ். "காகிதம் பொறுக்கினோம்"னு வாசிச்சா பாருங்க, கிரவுண்டே அதிர்ந்து போச்சு. சிரிப்பு! டீக்கடையில நின்னவன்லாம் சிரிக்கான். ஹெச்.எம். அம்மா மைக்க வாங்கப் போனாங்க. நான் தடுத்துட்டேன். "அம்மா, இன்னும் மூணாம் பகுதி இருக்கு. பாதியில நிறுத்தினா விதிக்கே மதிப்பு இல்லாமப் போயிரும்"னேன். முழுசா வாசிச்சிட்டுத்தான் இறங்கினா.

மறுநாள் என் ரூம் வாசல்ல இருபத்தாறு பிள்ளைங்க வரிசையில நிக்கு. "என்னல?"ன்னேன். "சார், நாங்க அந்த ஸ்டேட்டஸப் பாத்து ஹார்ட்டு போட்டோம். எங்களுக்கும் குற்ற உணர்ச்சியா இருக்கு. மன்னிப்புக் கடிதம் எழுதணும்"ங்காங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு அண்ணாச்சி! இருபத்திரண்டு வருசத்துல, கூப்பிடாமயே வந்து மன்னிப்புக் கேட்ட பிள்ளைங்கள நான் பாத்ததே இல்ல. ஒழுக்கம்னா இதுல்லா ஒழுக்கம்! எல்லாரையும் உக்கார வெச்சு எழுத வெச்சேன். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி விவரம், தனித்தனி தேதி. விடிய விடியன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த வாரம் பூரா எனக்கு செவப்புப் பேனா வேலைதான்.

அதுக்கு அடுத்த திங்கக்கிழமை இருபத்தாறும் வாசிச்சு முடிக்கதுக்கு ரெண்டாம் பீரியடு ஆயிட்டு. அருளானந்தம் சாருக்கு முதல் பீரியடு கணக்கு போச்சு. "சார், என் பீரியட எடுத்துட்டீங்களே"ன்னு குதிக்காரு. பெருந்தன்மைங்கது எல்லாருக்கும் வராதுன்னு சொன்னேன்லா?

விசயம் அதோட போகல. செயலர் காதுக்குப் போயிட்டு. ஊரு சிரிக்குன்னு சொல்லி, ஆவுடைச்செல்விக்கு டி.சி. குடுத்து அனுப்புங்கன்னுட்டாரு. நடு வருசத்துல டி.சி.ய வாங்கிட்டு ஒரு பிள்ள எங்க போவும்? எவன் சேப்பான்? ஒரு வருசம் போச்சு. ஒரு வருசமா, மொத்தப் படிப்பே போச்சான்னு யாருக்குத் தெரியும்? செல்லையா வந்து ஆபீஸ் வாசல்ல நின்னாரு. "சார், எங்க அக்கா ஏற்கெனவே படிச்சது போதும், மாப்பிள்ள பாக்கலாம்னு நச்சரிச்சிக்கிட்டிருக்கா. டி.சி.ய மட்டும் குடுத்துராதீங்க"ன்னாரு. பக்கத்துல அந்தப் பிள்ள நிக்கு. அன்னைக்குத்தான் அழுதா. சத்தமில்லாம, கண்ணாடியக் கழட்டித் தொடச்சித் தொடச்சிப் போட்டுக்கிட்டு. எனக்குப் பொறுக்கல. அடிக்கலாம், திட்டலாம், கடிதம் எழுத வைக்கலாம். அம்புட்டு விவரமா எழுதுத பிள்ளைய வெளிய அனுப்பலாமா?

அதுக்குள்ள டீக்கடை ஆளுங்க, நாலு அம்மா அப்பால்லாம் சேந்து மனு குடுத்துட்டாங்க. கல்வி ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தாங்க. ஹெச்.எம். அம்மா, "எல்லா பீரியடும் ஒழுங்கா நடக்கு மேடம். இது ஏதோ பிள்ளைங்க விளையாட்டு"ன்னாங்க. அந்த மேடம் கிளம்பத்தான் எந்திரிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. இருபத்திரண்டு வருசத்துல ஒரு அதிகாரி கூட என் மன்னிப்புக் கடித ஃபைலப் பாத்தது இல்ல. ஓடிப்போயி எடுத்துட்டு வந்து மேசையில வெச்சேன். "மேடம், பிள்ளைங்க விளையாட்டு இல்ல. ஒவ்வொண்ணும் முறைப்படி வாங்கினது. ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது"ன்னேன். ஹெச்.எம். அம்மா என் கால மிதிச்சாங்க. எதுக்குன்னு எனக்கு அப்பப் புரியல.

மேடம் ஒரு மணி நேரம் வாசிச்சாங்க. "இந்தத் தேதியெல்லாம் நிஜமா சார்?" "நூத்துக்கு நூறு மேடம். நானே சரிபாத்தது. கையெழுத்தப் பாருங்க." "நீங்க யாரு?" "பி.டி. ஆசிரியர் மேடம்."

அவங்க மூக்குக் கண்ணாடியக் கீழ இறக்கி என்னையப் பாத்தாங்க. "அப்ப நீங்க என்ன சார் வேலை பாக்கீங்க?"ன்னாங்க.

இதுதான் அண்ணாச்சி என் மனக்குறை. டி.சி.யெல்லாம் ரத்தாயிட்டு. பிள்ள வீட்டுல இருந்து, ஞாயித்துக்கிழமை, நிஜத்தச் சொன்னதுக்குத் தண்டிக்க ஸ்கூலுக்கு அதிகாரம் கிடையாதுன்னு மேடம் எழுதியே குடுத்துட்டாங்க. அதுல எனக்குச் சந்தோசந்தான். ஆனா இருபத்திரண்டு வருசம் வெயில்ல கேட்டுல நின்னவனப் பாத்து என்ன வேலை பாக்கேன்னு கேக்கலாமா?

டிசிப்ளின் பொறுப்ப அருளானந்தம் சாருக்குக் குடுத்துட்டாங்க. எனக்குப் பி.டி. மட்டுந்தான். முத நாள் பிள்ளைங்களோட போயி ஸ்டோர் ரூமத் தொறந்தேன், பேட் நரம்பையெல்லாம் எலி தின்னு வெச்சிருக்கு. சுவத்துல என் பழைய போட்டோ ஒண்ணு. யூனிவர்சிட்டி டீமு. நான் தொங்கவிட்டதுதான், மறந்தே போச்சு. ஆவுடைச்செல்வி தூசியத் தட்டிப் பாத்துட்டு, "சார், இது நீங்களா? முடியெல்லாம் இருக்கே"ங்கா. "நீங்க நல்லா ஆடுவீங்களா சார்?"னா. "ஆடுவேனாவா? செண்டர்ல நான் நின்னா என்னையத் தாண்டிப் பந்து போவாது"ன்னேன். நரம்பு இருந்த ஒரே பேட்ட எடுத்து ஒரு அடி காட்டினேன். பந்து வேனுக்கு அந்தாண்ட போயி விழுந்துச்சு. பிள்ளைங்க கத்துன கத்துல அருளானந்தம் சார் சன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. எனக்கு மூச்சு வாங்குது, தோள்பட்டை வலிக்கு, ஆனா... அத விடுங்க. வேன் நாலும் இப்ப ரோட்டுல நிக்கு.

போன வெள்ளிக்கிழமை இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணிச்சுங்க, என்னையச் சுத்தி நின்னுக்கிட்டு, "சார், நீங்களே தப்பு பண்ணினாலும் மைக்ல வாசிப்பேன்னு சொன்னீங்கல்லா?"ங்குதுங்க. நான் சொன்ன சொல்ல மாத்துதவன் இல்ல. நாளைக்குத் திங்கக்கிழமை. எழுதிட்டேன். இந்தா, சட்டைப் பையில இருக்கு. முதல் பகுதி: இந்த வருசம் அந்த ஒரு வகுப்புல மட்டும் முப்பது பீரியடு குடுத்துட்டேன், ஒண்ணுல காகிதம் பொறுக்க விட்டேன், இருபத்திரண்டு வருசத்துக்குக் கணக்கு தெரியல. மூணாம் பகுதி: இனி ஒரு பீரியடும் குடுக்க மாட்டேன். ரெண்டாம் பகுதியில, "இதனால் மாணவ மாணவியருக்கு நஷ்டம்"னு எழுதியிருந்தேன். சந்திப்பிழை பாக்கத்தான் ஆவுடைச்செல்விகிட்டக் குடுத்தேன். அவ பென்சில் எடுத்து, ரொம்ப மரியாதையா, சின்ன எழுத்துல எழுதித் திருப்பிக் குடுத்தா. பாருங்க, நீங்களே பாருங்க.

"விவரம் போதாது சார். வேறு யாருக்கு நஷ்டம்?"

வேற யாருக்கு? கணக்கு சாருக்கு நஷ்டமா? இல்ல. ஸ்கூலுக்கா? ரெண்டு நாளா யோசிக்கேன். இன்னைக்கு அந்தக் கடையில, கடைசி பேட்டக் கட்டி முடிச்சுக் கையில குடுத்தான். விரலால நரம்ப ஒரு சுண்டு சுண்டினேன், டிங்குன்னு சத்தம் வந்துச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டு எத்தனை வருசம் ஆச்சுன்னு நினைச்சேன். அப்படியே ஸ்டூல்லயே உக்காந்துட்டேன். கடைக்காரன் தண்ணி வேணுமா சார்னு கேக்கான்.

ஆலங்குளம் வந்துட்டா? அடுத்தது நான் இறங்கணும். அண்ணாச்சி, பேனா வெச்சிருக்கீங்களா? ரெண்டாம் பகுதியில ஒரு பேரு சேக்கணும். என் பையில இருக்கது வேண்டாம், இது செவப்பு. நீலம் இருந்தா குடுங்க.